டர்போ மாட்டிய பிறகு நீலப் புகை: எஞ்சினை இறக்க வேண்டுமா?

கேள்வி:
இரண்டு வருடமாக வீட்டு ஷெட்டில் மஸ்டா எம்எக்ஸ்-5 கார் ஒன்றுக்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) மாட்டிக்கொண்டிருக்கிறேன். 1.8 லிட்டர் எஞ்சின். போன வாரம் முதல்முறை ஸ்டார்ட் செய்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் சூடேறியதும் ஐடிலில் நின்றால் சைலன்சரில் நீலப் புகை, அதாவது எங்கோ ஆயில் எரிகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) நான்கு சிலிண்டரிலும் ஒரே அளவு. டர்போ புதியது. டர்போவில் ஆயிலைத் தடுக்கும் சீல் போய்விட்டதா? மறுபடி எஞ்சினை இறக்க மனசு வரவில்லை.

பதில்:
இறக்காதீர்கள். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம். உள்ளே ஆயில் தேங்கினால் அது தாங்காது. ஆயில் பிரஷரில் உள்ளே போகிறது, வெளியே வருவது புவியீர்ப்பில் மட்டும்தான், அதுவும் நுரையாக. அந்த ஆயில் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் எங்கேயும் மேலேறாமல், மடங்காமல் இறங்கி, சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

பதில்:
அண்ணன் சொன்னது சரி. கிராங்க்கேஸ் பிரீதரையும் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் வழி) பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலை இறங்க விடாது. டர்போவின் தண்டு குண்டுகள் மேல் சுழலும் பால் பேரிங் வகை என்றால், ஆயில் உள்ளே போகும் ஃபீட் லைனில் அளவைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறதா?

கேட்டவர்:
குண்டுகள் இல்லாமல் ஆயில் படலத்தில் சுழலும் ஜர்னல் பேரிங்தான், பிரீதரும் சுத்தம். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தேன். எஞ்சின் மவுண்ட் பக்கத்தில் ரிட்டர்ன் ஹோஸ் நசுங்கி, உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி. 45 டிகிரி ஃபிட்டிங் போட்டுப் புது ஹோஸ் இழுத்தேன். சைலன்சரில் தங்கியிருந்த ஆயில் பத்து நிமிடம் எரிந்து தீர்ந்தது. இப்போது ஐடிலில் புகையே இல்லை. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.