எழுத்தில்லாக் காலத்துக் கதையை எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?

தண்டையார்பேட்டை வாசகி:
சோழர் காலப் புதினங்களைப் படித்தே வளர்ந்தவள் நான். அண்மையில் நம் தென்னாட்டுக் கற்கால மனிதர்களைப் பற்றிய ஒரு புதினத்தைத் தொடங்கி, நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். கல்வெட்டோ செப்பேடோ இல்லாத காலத்தில், பாத்திரத்தின் பெயர் முதல் பேச்சு வரை அனைத்தும் கற்பனைதானே? அதை வரலாற்றுப் புதினம் என்று எப்படி ஏற்பது?

எண்ணூர்க்காரர்:
கல்வெட்டு இல்லாவிட்டாலும் கல் இருக்கிறது, அம்மா. எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும் நம் கொசஸ்தலையாற்றின் வடிநிலத்தில்தான் அத்திரம்பாக்கம் உள்ளது. 1863இல் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியை (பிடி இல்லாமல் கையிலேயே பற்றிப் பயன்படுத்தும் கற்கருவி) கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டில் இங்கும் கற்கருவிகளைக் கண்டார். இங்குள்ள மிகப் பழைய கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் ஒரு கைக்கோடரியை நின்று பாருங்கள். இருபுறமும் மாறிமாறித் தட்டிச் செதில் பெயர்த்த பள்ளங்கள் முனையை நோக்கி ஒடுங்கிச் செல்லும். அடிப்பக்கத்தில் மட்டும் சில கற்களில் ஆற்றுக் கூழாங்கல்லின் பழைய வழவழப்பு அப்படியே மிஞ்சியிருக்கும், செய்தவன் இவ்வளவு போதும் என்று அங்கே கையை நிறுத்தியிருக்கிறான். அந்தக் கையை எழுதத் தெரிந்த ஆசிரியரை நான் நம்புவேன். லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, மனிதர் நாயைப் பழக்காத காலத்துக் கதையில் வீட்டு நாயைக் குரைக்க விடுபவரை நம்பமாட்டேன்.

இராயபுரம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஐயா. ராகுல் சாங்கிருத்தியாயனின் ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ நூலின் முதல் கதை கி.மு. 6000இல் நிகழ்கிறது; அதில் குழுவை ஆள்பவள் தாய். மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் வழிவந்த அந்தத் தாய்வழித் தலைமைக் கருத்தை ஆசிரியர் உறுதியாக நம்பி எழுதினார், இன்றைய தொல்லியலாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் பனிவெளியில் பசியோடு நடக்கும் அந்தக் குழு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே இவ்வகைக் கதைகளில் எழுதப்பட்ட ஆண்டையும் சேர்த்தே நான் படிப்பது வழக்கம். (எங்கள் வீட்டில் இதற்கு மதிப்பில்லை, கதையைப் படி, முன்னுரையை விடு என்பார்கள்.)

தண்டையார்பேட்டை வாசகி:
இருவருக்கும் நன்றி. நான் மூடிய பக்கத்தில் குழுத்தலைவன் சுட்ட மான் இறைச்சிக்கு மிளகாயைக் கடித்துக்கொள்கிறான். போர்ச்சுகீசியர் வந்த பிறகே நமக்குக் கிடைத்த காய் அது. அந்தப் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பூண்டிக்குப் போகிறேன்.