மறு: ஒயிட் பேலன்ஸ் – வெண்சமநிலையா, நிறச்சமனா?

அன்புடையீர், வணக்கம்.

ஓலைச்சுவடிகளை மின்படமாக்கும் கையேட்டின் தமிழாக்கம் இம்மாத இறுதிக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். நிறத்திருத்தம் பற்றிய இயல் மட்டும் சொல் முடிவாகாமல் நிற்கிறது. விளக்கொளியின் நிறம் படத்தில் ஏறாதபடி திருத்துவதை ஆங்கிலத்தில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ‘வெண்சமநிலை’யா, ‘நிறச்சமனா’ என்பதே கேள்வி. இந்த இழையில் ‘வெண்சமநிலை’க்கே ஆதரவு மிகுதி என்றாலும், அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘வெண்’ என்று தொடங்கும் சொல்லைப் படிக்கும் மாணவர், கைக்கெட்டிய வெள்ளைத்தாளைத்தான் சுவடிக்கு அருகில் வைப்பார். தாளுக்கு வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கும் வேதிப்பொருள் புறஊதாக் கதிரை வாங்கி நீலமாக உமிழ்வதால், அதை அளவாகக் கொண்டு திருத்திய படம் மஞ்சளடிக்கும். வெளிச்சம் சற்று மிகுந்தாலோ, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்று உச்சவரம்பை முட்டி, அவற்றின் விகிதமே தொலைந்துவிடும். இத்திருத்தத்துக்கு அளவாகச் சுவடியருகே வைக்க வேண்டிய சாம்பல் அட்டையோ தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை, எந்த நிறத்துக்கும் சார்பின்றித் திருப்புகிறது. ஆகவே படத்தில் அட்டை இருக்கும் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கில் சிவப்பு ஓங்கி நீலம் தாழ்ந்திருக்கும். அட்டையின் மேல் சொடுக்கியதும், மென்பொருள் பச்சையை அப்படியே நிறுத்திக்கொண்டு மற்ற இரண்டையும் உரிய மடங்கால் பெருக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவருகிறது. நடப்பது சமன்செய்தலே அன்றி வெண்மையாக்கல் அன்று.

சுவடிக்கு இந்த அட்டை ஏன் இன்றியமையாதது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டகம் முழுவதும் ஓலையின் பழுப்பே நிறைந்திருந்தால், கேமராவின் தானியங்கி முறை அதை மஞ்சள் விளக்கொளி என்று கருதி நீலத்தைக் கூட்டிவிடும், ஓலையும் வெளிறிப்போகும்.

‘சமன்’ வடசொல் என்று மதுரை நண்பர் ஒதுக்குகிறார். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்று வள்ளுவர் ஆண்ட சொல்லுக்கு நாம் தடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு பக்கம் சாயாமையைக் குறிக்கும், அதே குறளின் ‘கோடாமை’யைக் கொண்டு, நிறம் ஒரு பக்கம் சாய்வதற்குப் புலவர் ஐயா ‘நிறக்கோட்டம்’ என்று தந்தது மிக அழகு. கோட்டம் என்றால் கோயிலும் சிறையும் நினைவுக்கு வரும் என்ற தடை எழுந்தது. ‘நிறம்’ முன்னே நிற்கும்போது அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

அட்டையின் பெயரில்தான் பிணக்குத் தீரவில்லை. இலங்கைப் பாடநூல் வழக்கைக் காட்டி யாழ்ப்பாணத்து அம்மையார் ‘நரைநிற அட்டை’ என்கிறார். தமிழகத்து மாணவருக்கு நரை என்றால் தலைமுடிதான். சாம்பலுக்கும் சிறு நிறச்சாயல் உண்டு, ஆகவே ‘நொதுமல் அட்டை’ என்பதே துல்லியம் என்று புலவர் ஐயா வாதிடுகிறார். நொதுமல் சங்கத்தமிழ்ச் சொல், எப்பக்கமும் சாராமை என்ற பொருளும் பொருந்துகிறது. ஆயினும் விளக்கைச் சரிசெய்துகொண்டே கையேட்டைப் புரட்டுபவர் அச்சொல்லுக்கு அகராதியைத் தேட நேரும்.

ஆகவே நிறச்சமன், நிறக்கோட்டம், சாம்பல் அட்டை என்றே மெய்ப்புக்கு அனுப்புகிறேன். இலங்கை வழக்கைச் சொல்லடைவில் சேர்த்துவிடுவேன். ஐயா தம் மறுப்பை இரண்டு வரியில் எழுதி அனுப்பினால், அதையும் அவர் சொற்களிலேயே அடிக்குறிப்பாக இடுகிறேன்.

அன்புடன்.