மரவள்ளி மாவு ஷீட்: அப்டேட்

தேயிலை நர்சரி பொலித்தீன் பைக்கு பதிலா மரவள்ளி மாவுல ஷீட் செஞ்சு பாவிக்கலாமான்னு முன்ன கேட்டிருந்தேன்ல, இப்ப நிலவரம் சொல்றேன். மாவு, தண்ணி, கிளிசரின், கொஞ்சம் வினாகிரி, சாமான் அவ்வளவுதான். 70 டிகிரி கிட்ட வந்ததும் பால் கலர் போயி தெளிஞ்சு கெட்டியாகும், அப்பவே தட்டுல மெல்லிசா ஊத்திடணும். கிளிசரின் குறைஞ்சா காஞ்சதும் அப்பளமா நொறுங்குது, கூடிட்டா அது காத்துல உள்ள ஈரத்தை இழுத்து பிசுபிசுன்னு ஒட்டுது, அதுலயும் ஹட்டன் பக்கம் மிஸ்ட் இறங்குற நாள்ல வெளிய வச்சா காயவே காயாது, அடுப்படியிலதான் காய வைக்கணும்.

தேயிலைக்கு இது சரிவராது. கன்னு மாசக்கணக்கா பையில நிக்கணும், மாவு ஷீட் ஈர மண்ணுல சீக்கிரமே கரைஞ்சிடும். கோவா, லீக்ஸ் நாத்துக்கு பரவாயில்ல, அது சில வாரத்துல இடம் மாறுதே. பிஎல்ஏ (சோளம் மாதிரி பயிர்ல இருந்து செய்யிற, மக்குற பிளாஸ்டிக்) பை வாங்குங்கன்னு ஒரு அண்ணே சொன்னாரு. அண்ணே, அது 58 டிகிரி போல சூடு நிக்கிற கம்போஸ்ட் ஆலையிலதான் ஒழுங்கா மக்கும், நுவரெலியா மண்ணு குளிருக்கு வருசக்கணக்கா அப்படியே கெடக்கும்.

அடுத்தது மாவு ஷீட் தண்ணிய தாங்குதான்னு அது மேல தேன்மெழுகு பூசி பாக்கப் போறேன். இறால் ஓட்டுல எடுக்கிற கைட்டோசானும் தண்ணிய கொஞ்சம் தாங்கும், சிலாபம் பக்கம் யாராச்சும் இருந்தா ஓடு கிடைக்குமான்னு சொல்லுங்க.