லினக்ஸ்ல எழுதின ஃபைலை விண்டோஸ்ல படிச்சா குப்பையா வருது (ஸ்ட்ரக்ட் சைஸ் பிரச்சனை)

புதுபோர்டு:
சென்சார் டேட்டாவை 64 பிட் லினக்ஸ்ல ஒரு ஸ்ட்ரக்ட்ல (பல மெம்பரை ஒண்ணா கட்டி வைக்கிற சி டைப்) போட்டு அப்படியே எஃப்ரைட் பண்ணி ஃபைல்ல கொட்டுறேன் (கம்பைலர் ஜிசிசி), அதே ஹெடரை வச்சு விண்டோஸ்ல விஷுவல் சி-ல கம்பைல் பண்ணி படிச்சா முதல் ஐடி மட்டும் சரியா வருது, மத்ததெல்லாம் கன்னாபின்னா. உள்ள இருக்கிறது மூணே மூணு தான்: சார் ஐடி, லாங் நேரம், ஷார்ட் வெப்பம். சைஸ்ஆஃப் (எத்தனை பைட்னு சொல்றது) போட்டா லினக்ஸ்ல 24, விண்டோஸ்ல 12. கூட்டினா 11 தானே வரணும்??

பைட்பித்தன்:
லாங் தான் வில்லன். 64 பிட் லினக்ஸ்ல அது 8 பைட், விண்டோஸ்ல 64 பிட்டா இருந்தாலும் 4 தான். மிச்சம் பேடிங், அதாவது கம்பைலர் நடுவுல விடுற காலி பைட். 8 பைட் ஆளு 8ஆல வகுபடுற இடத்துல தான் உக்காருவாரு, அதனால ஐடிக்கு அப்புறம் 7 காலி, அர்ரேல அடுத்த ஸ்ட்ரக்டும் ஒழுங்கா உக்காரணும்னு வால்ல 6 காலி. 1+7+8+2+6. விண்டோஸ்ல 1+3+4+2+2. லாங்கை தூக்கிட்டு இன்ட்32_டி (எங்கயும் 4 பைட் தான்) போடுங்க, ரெண்டுலயும் 12 வரும்.

ஹெக்ஸ்டம்ப்:
அதோட பிராக்மா பேக் 1 (பேடிங்கே விடாதேன்னு கம்பைலருக்கு சொல்றது) போட்டா 7 பைட், வேலை முடிஞ்சுது 😎

பழையகோடர்:
முடியல தம்பி. ஒருதடவை ஹெடர்ல பேக் புஷ் போட்டுட்டு, பழைய நிலைக்கு திருப்புற பாப் போட மறந்துட்டேன், அதுக்கு கீழ இன்க்ளூட் ஆன ஹெடர் எல்லாம் பேக் ஆகி ஒரே கிளாஸ் ஒரு சிபிபி ஃபைல்ல ஒரு சைஸ் இன்னொண்ணுல வேற சைஸ், எங்கயோ கிராஷ் ஆகுது, ரெண்டு நாள் தூக்கம் போச்சு. பேக் பண்ண மெம்பரோட அட்ரஸை பாயின்டர்ல எடுத்து கார்டெக்ஸ் எம்0ங்கிற சின்ன ப்ராசஸர்ல படிச்சா, அட்ரஸ் ஒழுங்கா வகுபடலைன்னா நேரா ஹார்ட் ஃபால்ட் (ப்ராசஸரே எரர் அடிச்சு நிக்கிறது) வேற.

பிட்ஃபீல்டும் (மெம்பருக்கு இத்தனை பிட்னு ஒதுக்குறது) வேண்டாம். சார்ல 4 பிட், அடுத்து இன்ட்ல 4 பிட் வச்சா லினக்ஸ் ஜிசிசி 4 பைட்ல அடக்கிடும், விஷுவல் சி 8 எடுக்கும். ஃபைலுக்குன்னா ஒவ்வொரு மெம்பரையும் ஷிஃப்ட் பண்ணி பைட் பைட்டா நீங்களே எழுதுங்க, அப்ப எந்த கம்பைலரா இருந்தா என்ன. ஸ்ட்ரக்டை அப்படியே தான் கொட்டுவேன்னா சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் (மெம்பர் எத்தனாவது பைட்ல ஆரம்பிக்குதுன்னு சொல்றது) ரெண்டுக்கும் ஸ்டாட்டிக்_அசெர்ட் போட்டு வைங்க, மாறினா கம்பைல் பண்றப்பவே கத்தும்.

புதுபோர்டு:
இன்ட்32 போட்டு அசெர்ட்டும் வச்சாச்சு, ரெண்டுலயும் 12 👍 ஆனா ஏற்கனவே எழுதின மூணு மாச ஃபைல் 24 பைட் கணக்குல கிடக்கே?

பைட்பித்தன்:
24 24ஆ படிச்சு, ஐடி 0ல, நேரம் 8ல இருந்து 8 பைட், வெப்பம் 16ல இருந்து 2 பைட் எடுங்க. நடுவுல பேடிங்ல என்ன குப்பை இருந்தாலும் கண்டுக்காதீங்க.