மண்ணில் கிடைத்த பழைய காசுகளை எப்படிச் சுத்தம் செய்வது?

குழிமண்:
தோட்டத்தில் குழி தோண்டும்போது ஒரே இடத்தில் ஒன்பது காசுகள் கிடைத்தன. ஏழு செம்பு மாதிரி, பச்சை பிடித்து மேலே மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. இரண்டு கறுப்பு, வெள்ளியாக இருக்கலாம். செம்புக் காசு ஒன்றை மட்டும் எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தேன். பளபளவென்று சிவந்துவிட்டது, ஆனால் முன்பு லேசாகத் தெரிந்த எழுத்தைக் காணவில்லை. எங்கே தப்பு நடந்தது? மீதியை என்ன செய்ய?

செப்புக்களிம்பு:
மீதி எட்டையும் தயவுசெய்து எலுமிச்சை, வினிகர், பற்பசை எதிலும் போடாதீர்கள். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பின் மேல்பகுதியே மெல்ல மெல்லக் களிம்பாக மாறிவிடும், எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கும். அமிலம் படலத்தைக் கரைத்தபோது எழுத்தும் சேர்ந்து போய்விட்டது, அது இனித் திரும்பாது. அந்தக் காசில் அமிலம் மிச்சம் இல்லாதபடி நன்றாக அலசி உலர்த்திவிடுங்கள்.

மற்றவற்றை டிஸ்டில்ட் வாட்டரில் ஊறப்போடுங்கள், செம்பு தனி, வெள்ளி தனி. குழாய்த் தண்ணீரில் உப்பும் குளோரினும் இருக்கும், அது வேண்டாம். தினமும் நீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகலாம். மண் இளகிய பிறகு ஈரமாக இருக்கும்போதே லென்ஸ் வைத்துப் பார்த்து மரக்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். ஊசியும் கம்பி பிரஷ்ஷும் கூடவே கூடாது. மண் போய்ப் பச்சை நின்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

பழங்காசு:
ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் மண் தானாகக் கழன்றுவிடும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

செப்புக்களிம்பு:
கழலும், உண்மைதான். ஆனால் அந்த எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது, நாள் போகப் போகப் படலத்தையும் அரிக்கும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் பரவாயில்லை.

வெள்ளிக்கறுப்பு:
வெள்ளிக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீர் என்று யாராவது சொல்வார்கள். கறுப்பு போகும், ஏனென்றால் அது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டானது. ஆனால் போன பிறகு காசு வெளிறி உயிரற்றுத் தெரியும், எனக்கு அது மனசே ஆறாது. அலசி விட்டாலே போதும். இன்னொன்று, மண்ணில் கிடந்த பழைய வெள்ளி நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம், வளைந்திருந்தால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

அப்புறம், ஒன்பதும் ஒரே குழியில் என்றால் சேர்த்துப் புதைத்ததாக இருக்கலாம். கிடைத்த இடம், ஆழம், காசுகளின் இரண்டு பக்கப் படம் எல்லாவற்றையும் இப்போதே பதிந்து வையுங்கள். பல நாடுகளில் இப்படிக் கிடைத்ததை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே உண்டு, சுத்தம் செய்வதற்கு முன்பே அதை விசாரியுங்கள்.

குழிமண்:
சரி, எலுமிச்சையைத் தூக்கி வைத்துவிட்டேன். ஒரு செம்புக் காசில் மட்டும் வெளிர் பச்சையாக மாவு மாதிரி இருக்கிறது, தொட்டால் உதிர்கிறது. அதையும் விட்டுவிடலாமா?

செப்புக்களிம்பு:
அதை மட்டும் விடக்கூடாது! உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது அமிலமாகி இன்னும் செம்பைத் தின்னும், திரும்பத் திரும்ப மாவு கிளம்பும். அந்தக் காசைத் தனியாக, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் உலர்வாக வையுங்கள். உப்பை வெளியேற்ற சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற லேசான கார உப்பின் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள், முதல் தடவை என்பதால் பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துச் செய்யுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் எந்தக் காசையும் போடாதீர்கள், அதிலிருந்து கசிவதும் செம்பை அரிக்கும்.