மெயினை அணைத்த பிறகும் ஃபிரிட்ஜ் கரண்ட் அடிக்கிறது

மாடிவீட்டு ரீச்சர்:
கிளிநொச்சி, கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கம். கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு வீடுகள். நான் மேலே வாடகைக்கு இருக்கிறேன். பத்து நாட்களாக விடியற்காலையில் ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரல் சுள்ளென்கிறது. தேநீர் போட வெறுங்காலோடு போவேன். கழுவிய தரை ஈரமாக இருக்கும். மின்கசிவு கண்டால் தானாக விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மட்டும் சமர்த்தாக விழுகிறது. நேற்றுப் பிடிவாதத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் புறங்கையால் தொட்டேன். அப்போதும் அடித்தது! வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார். செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். நான் கணிதம் படிப்பிக்கிறவள், பேய்க்கதைகளை நம்புவதில்லை. அணைத்த வீட்டுக்குள் மின்சாரம் எந்த வழியால் வருகிறது?

வவுனியா வயர்மன்:
எர்த் கம்பி வழியால் வருகிறது, ரீச்சர். மெயின் சுவிட்ச் உயிர்க்கம்பியையும் நியூட்ரலையும்தான் துண்டிக்கும். நான்கு வீட்டுக்கும் நிலத்தில் அடித்த ஒரே ரொட்தான் எர்த்தாக இருக்கும். கீழே எங்கோ கசிவது அதனால் முழுதாக இறங்க முடியாமல் உங்கள் ஃபிரிட்ஜ் வரை ஏறி நிற்கிறது. உங்கள் ட்ரிப் சுவிட்ச் உங்கள் வீட்டுக்குள் போவதையும் திரும்புவதையும்தான் ஒப்பிடும். அயல் வீட்டுக் கசிவு அதற்குத் தெரியாது. விடியற்காலையில் மட்டும் ஓடுவது எது என்று பாருங்கள். ஆவணி வேறு, மண் காய்ந்து கிடக்கிறது.

முறிகண்டியான்:
இதற்கு இவ்வளவு யோசனையா? எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுங்கள். என் கடையில் பத்து வருடமாக அப்படித்தான் இருக்கிறது.

வவுனியா வயர்மன்:
தம்பி, இன்றைக்கே அதைக் கழற்றுங்கள். ஒரு காற்றுக்கு நியூட்ரல் கம்பி அறுந்தால், எர்த் கொடுத்த இரும்பு எல்லாவற்றிலும் 230 வோல்ட் வரை ஏறிவிடும். பத்து வருடம் அது அறாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம்.

மாடிவீட்டு ரீச்சர்:
பிடிபட்டது. ஐந்தரை மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து மோட்டர் போட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். நிறுத்தச் சொன்னேன், ஃபிரிட்ஜ் அடங்கியது. வயரிங் வேலை செய்கிறவர் வந்து அளந்தார்: மோட்டர் ஓடும்போது ஃபிரிட்ஜில் 64 வோல்ட். மோட்டர் ட்ரிப் சுவிட்சை அடிக்கடி விழுத்துகிறது என்று, யாரோ சுவிட்சுக்கு முன்னாலேயே அதற்கு இணைப்பு இழுத்திருக்கிறார்கள். ரொட் கிணற்றுக்கட்டின் பின்னால், பாளம் பாளமாக வெடித்த மண்ணில் இருந்தது. கிளிப்பில் பச்சைக் களிம்பு. தடை 180 ஓம்.

இருபது அம்பியர் பிரேக்கராவது விழுந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "230ஐ 180ஆல் வகுத்துப் பாருங்கள் ரீச்சர்" என்றார். 1.3 அம்பியர்கூட வரவில்லை.

வவுனியா வயர்மன்:
எல்லோரும் ரொட்டைத்தான் குறை சொல்வார்கள். உண்மையான குற்றவாளி அந்த இணைப்பு. 30 மில்லி அம்பியரில் விழும் சுவிட்ச் நடுவில் இருந்திருந்தால், அதே 180 ஓமில் 5.4 வோல்ட்டைத் தாண்டுமுன் விழுந்திருக்கும். நான்கு வீடும் சேர்ந்து கசிந்தாலும் 22க்குள். காய்ந்த இடத்தில் 50 வோல்ட், ஈரமான இடத்தில் 25 வோல்ட் ஆபத்து எல்லை என்று கணக்கு. முதலில் மோட்டரைச் சுவிட்சுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். இரண்டாவது ரொட் அடிப்பதானால், முதல் ரொட்டின் நீளமளவாவது தள்ளி அடியுங்கள்.

மாடிவீட்டு ரீச்சர்:
மோட்டர் சுருள் கட்டப் போயிருக்கிறது, நாங்கள் வாளியோடு கிணற்றடியில் நிற்கிறோம். வீட்டுக்காரர் பற்றுச்சீட்டுகளை அனுப்பச் சொன்னார். செருப்பு வாங்கியதையும் சேர்த்திருக்கிறேன்.