மறு: ரீச்சரின்ர புத்தகமும் வளைவுக் காசும்

ஊர்ச் சங்கத்து எல்லாருக்கும் வணக்கம்.

பொருளாளர் அண்ணை, எங்கட பள்ளிக்கூட ரீச்சரின்ர கதைப் புத்தகம் அடிக்கக் காசு குடுத்தா ரசீது வருமோ எண்டு கேட்டிருக்கிறியள். நல்ல கேள்வி. தண்ணிப் பம்பு வாங்கேக்கயும் இதைக் கேட்டிருக்கலாம், இண்டைக்கும் ஒருத்தருக்கும் கணக்குத் தெரியாது.

என்ர தங்கச்சி மாசியில ஊருக்குப் போனவ. ரீச்சர் எழுதின கதையை ஃபோனில படமெடுத்து அனுப்பினவ. வத்தின குளத்து ஆமை ஒண்டு வீடு வீடாப் போய் "குளம் ஆரின்ர?" எண்டு கேக்குது. கடைசிப் பக்கம் வெறும் பக்கம், பதிலைப் பிள்ளையள்தான் எழுதோணும். அதுகள் அதோட விடேல்லை. குளத்துத் தண்ணி திறந்து விடுற துருசுக்குள்ள அடைச்சிருந்த பொலித்தீனையும் சோடாப் போத்திலையும் இழுத்தெடுத்து, கதவால ஒழுகிற தண்ணியை வாளியில பிடிச்சுக் கொப்பியில எழுதியிருக்குதுகள். வாளி நிரம்ப ஒரு நிமிசமும் செல்லேல்லையாம். எங்கட குளம் 200 ஏக்கருக்குக் கீழான வயலுக்குத்தானே பாயுது, அப்ப அது நீர்ப்பாசனத் திணைக்களத்தின்ர இல்லை, கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின்ர எண்டு ரீச்சர் சொல்லிக் குடுக்க, கமநல சேவை நிலையத்துக்குப் பிள்ளையளே கடிதம் போட்டிருக்குதுகள். பனங்கொட்டையைக் குளக்கட்டில நடப் போக, கமக்காரர் அமைப்புப் பெரியவர் மறிச்சவராம்: வேர் கட்டைப் பிளக்கும், வாய்க்கால் எல்லையில நடுங்கோ எண்டு. இப்ப அங்க வடலி முளைச்சிருக்கு.

லண்டன் மாமா, பக்கத்து ஊர் வாசலில வளைவு இருக்கு, எங்களுக்கு இல்லை, வெக்கம் எண்டுறியள். 2018 மார்கழி வெள்ளத்தில குளக்கட்டு உடையப் பாத்து, ஊரே மண்மூட்டையோட விடிய விடிய நிண்டது. அப்ப வளைவோ மறிச்சது? நாங்கள், நிரம்பி வான் பாயேக்க சாரத்தால மீன் கோலின குளம் மாமா அது.

இன்னொண்டு. ரீச்சர் எங்கட ஊரில்லை எண்டு எழுதின ஆளுக்கு: 2009இல சண்டையால இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில இருக்கேக்க, கூடாரத்துக்குள்ள எங்கட பிள்ளையளை இருத்திப் படிப்பிச்சது இந்த மனிசிதான். உங்கட மருமகளும் அதுக்க இருந்தவ, கேட்டுப் பாருங்கோ.

அச்சகக்காரர் தந்த விலை இணைப்பில இருக்கு. என்ர பங்கைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில நேர போட்டிட்டன், ஆற்ற கையிலயும் குடுக்கேல்லை. ரசீதும் இணைப்பில இருக்கு அண்ணை. வளைவுக்கெண்டு சேர்த்ததில மிச்சம் எவ்வளவு எண்டு ஞாயிறு சூமில நீங்கள் சொல்லுங்கோ.

சூரிச்சிலிருந்து,
வாய்க்கால்கரை வீட்டுப் பெட்டை